விளக்கு வைக்கும் நேரம்

யாவதஹாமா
ஏப்ரல் 19, 1976

தம்பி கட்சுமிக்கு,

செர்ரி மரங்கள் பூவெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டன. மலைச்சரிவு ஆரஞ்சுத் தோட்டங்களில் புதுத் துளிர் வந்திருக்கிறது. நான், உன் அண்ணி நோபுகோ, மகள் மிச்சியோ மூவரும் சுகம். ஓசாகாவில் நீ எப்படி இருக்கிறாய்? போன வருஷத்து முதுகுவலி குறைந்ததா?

அம்மாவின் இரண்டாம் ஆண்டு நினைவுச் சடங்கு நேற்று நடந்தது. பிக்கு வந்து சூத்திரம் ஓதினார். உனக்காகப் போட்டிருந்த ஆசனம் காலியாகவே இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். துறைமுகத்து அத்தை மட்டும்தான் வாய்விட்டுக் கேட்டாள். ஆட்டம் இருக்கிறது என்றேன்.

"அவங்க அம்மா செத்த அன்னிக்கும் ஆட்டந்தானே இருந்துச்சு. அதுக்கு ஒரு முடிவே கிடையாதா?" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றப் போனேன். என்னை எழவைத்தது யார் என்று உனக்குத் தெரியும்.

எல்லோரும் போன பிறகு உன் பேஸ்பால் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வானம் இன்னும் வெளுப்பாக இருக்கும்போதே மைதானத்து விளக்குகளைப் போட்டார்கள். அப்போது ஒரு பந்து உன்னை நோக்கித் தரையோடு உருண்டு வந்தது. வேகமான பந்துகூட இல்லை. நீ குனியவே இல்லை. அது உன் இடது காலை உரசாத குறையாகத் தாண்டிப் போனது; நீ அதற்குப் பிறகு திரும்பிப் பார்த்தாய். பதினைந்து வருஷமாக இரண்டாம் தளத்தைக் காப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன், ஊரே பார்க்கும்போது தந்திக் கம்பம் போல நிற்கலாமா?

இங்கே வேறு செய்தி. பள்ளியில் என்னையும் உன்னையும் ஆடவைத்த கோச் இவாஸாகிக்கு மாவட்ட விருது கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டுக்குச் செய்த சேவைக்காம். பாராட்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவருக்குத் தெரியும்.

மிச்சியோவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. மத்சுயாமாவில் தலைமுறையாக மருந்துக்கடை வைத்திருக்கும் குடும்பம். திருமதி நினோமியா நடுவில் இருந்து பேசுகிறாள். இரு வீட்டாரும் படம் மாற்றிக்கொண்டாயிற்று. பையனின் முகத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

உன் போன கடிதத்தை மிச்சியோதான் வாசித்துக்காட்டினாள். சாப்பாட்டுக்குப் பிறகு என் கண்ணாடி எதற்கும் உதவுவதில்லை. கடைக்காரன் தேய்ந்த சில்லைப் போட்டு ஏமாற்றிவிட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
சதாமு


ஓசாகா
மே 12

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே நான் சௌக்கியம். அண்ணிக்கும் மிச்சியோவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். முதுகுவலி போய்விட்டது. அம்மாவின் சடங்குக்கு வராதது தப்பு. தொடர் ஆரம்பித்த வாரத்தில் லீவு கேட்டால் அந்த இடத்தில் வேறு ஒருவனை நிறுத்திவிடுவார்கள். நின்றவன் லேசில் நகரமாட்டான். நானே இன்னொருவனுக்குக் காய்ச்சல் வந்தபோது உள்ளே நுழைந்தவன்தான். ஆனாலும் தப்பு தப்புதான்.

அந்தப் பந்தை நீங்களும் பார்த்துவிட்டீர்களா? எங்கள் அணியில் எனக்கு வலப்பக்கம், இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவே, ஷார்ட்ஸ்டாப்பாக நிற்கும் ஹமானோ என்ற பையன் இருக்கிறான். நாக்கு அடங்காதவன். உடை மாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும், "அண்ணே, பந்து உங்க காலடியில வந்து மரியாதையா வணக்கம் போட்டுச்சு. நீங்க குனிஞ்சு பதில் வணக்கம்கூடப் போடலையே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

தரையில் ஏதோ கல் இருந்து பந்து திரும்பியிருக்க வேண்டும்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். நம் மீன் பலகாரக் கடையை அம்மா ஏன் தினமும் அவ்வளவு சீக்கிரம் சாத்தினாள்? படகுகள் கரைக்கு வருவதே அந்த நேரத்தில்தான். மற்ற கடைகளில் அப்போதுதான் வியாபாரம் சூடு பிடிக்கும். அம்மா மட்டும் துறைமுகத்தில் வெயில் இருக்கும்போதே பலகைகளை எடுத்து மாட்டிவிடுவாள். அப்புறம் கடல் சுவரோரம் வீட்டுக்கு நடக்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வருவாள். நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

திடீரென்று ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்.

வரன் நல்லபடியாக அமையட்டும்.

தம்பி
கட்சுமி


யாவதஹாமா
ஜூன் 9

தம்பி கட்சுமிக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. வீட்டில் தொட்ட இடமெல்லாம் ஈரம். நாங்கள் மூவரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

அம்மா உயிரோடு இருக்கும்போது அவள் ஏன் கடையைச் சாத்துகிறாள் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறாய். சரி, சொல்கிறேன். அப்பா போரில் செத்த பிறகு அவள் தனி ஆள். இருட்டின பிறகு படகுக்காரர்கள் குடித்துவிட்டு வருவார்கள். மானமுள்ள பெண் அந்த நேரத்தில் கடையில் நிற்கமாட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

அவளுடைய கடைசி நாட்களில் நீ பக்கத்தில் இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ தெரிந்திருக்கும். நோய் ஈரலில். அதற்கு வைத்தியம் பார்க்கத் துப்பில்லாத ஒரு சின்ன டாக்டர், அவள் கண்ணுக்குள் டார்ச் அடித்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வராந்தாவுக்கு வந்து, எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்றெல்லாம் விசாரித்தான். சாகப் போகிறவளை வைத்துப் பாடம் படிக்கிறார்கள். அவனுக்கு நல்லபடியாகப் பதில் சொல்லி அனுப்பினேன்.

இருட்டைப் பற்றி நீ கேட்டதால் எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. வந்தது என்ன, என்றைக்காவது போயிருந்தால்தானே வரும். மாவட்ட இறுதி ஆட்டம். எனக்குப் பதினேழு வயது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்ச் சாயங்காலமாகிவிட்டது. அப்போதெல்லாம் விளக்கு ஏது. ஒரு பந்து வானத்தில் ஏறியது. எனக்குப் பின்னால் விழுந்தது. இவாஸாகி அந்த இடத்திலேயே என்னை வெளியே கூப்பிட்டார். அடுத்த வாரம் என் சட்டை எண்ணை மரம் அறுக்கும் மில்காரர் மகனுக்குக் கொடுத்தார். மில்காரர்தான் அணிக்குச் சட்டை வாங்கிக்கொடுத்தவர் என்பது ஊருக்கே தெரியும். பத்து வருஷம் கழித்து அதே எண்ணை உனக்குக் கொடுத்து, உன்னை ஓசாகாவுக்கு ஏற்றிவிட்டார். நான் பல்கலைக்கழகம் போய்ப் பழைய இலக்கியம் படித்து, ஆர்வமில்லாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உன்மேல் குறை இல்லை. இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மாலைப் பள்ளி வகுப்புகளை விட்டுவிட்டேன். புதிய முதல்வருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

மத்சுயாமாக்காரர்கள் விசாரிக்க ஆள் வைத்திருக்கிறார்களாம். மூன்று தலைமுறைக்குச் சொந்தபந்தம், நோய்நொடி, பைத்தியம், கடன் எல்லாம் தோண்டுவார்கள். தோண்டட்டும். நம்மிடம் என்ன இருக்கிறது?

மழையில் நனையாதே.

அண்ணன்
சதாமு


ஓசாகா
ஜூலை 12

அன்புள்ள அண்ணனுக்கு,

வெயில் தாங்க முடியவில்லை. உங்கள் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆடுகிறேன்.

அந்தப் பந்து திரும்பவில்லை அண்ணா. கல் எதுவும் இல்லை. மறுநாள் காலையில் போய்த் தரையைக் கையால் தடவிப் பார்த்தேன்.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல. பந்து பேட்டில் படுவது தெரிகிறது. பாதி தூரம் வருவதும் தெரிகிறது. அப்புறம் யாரோ துணியால் துடைத்ததுபோல் அது இல்லை. மறுபடி கண்ணில் படும்போது காலடியில் இருக்கிறது. பகலில் இது குறைவு. விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அதிகம். பக்கத்தில் ஓடிவருகிறவனும் தெரிவதில்லை. போன வாரம் சாப்பாட்டு அறையில் தேநீர்த் தட்டோடு வந்த பெண்மேல் நேராகப் போய் மோதினேன். "காலையிலயே சாக்கே போதையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது கௌரவமான பதிலாகத் தோன்றியது.

ஹமானோவுக்கு மட்டும் தெரியும். அவனாகவே கண்டுபிடித்தான். இப்போது பந்து வரும்போது "இடது" "காலடி" என்று கத்துகிறான். மற்றவர்கள் அவன் என்னைக் கிண்டல் செய்வதாக நினைக்கிறார்கள்.

இந்த மாதக் கடைசியில் ஆட்டம் இல்லாத மூன்று நாள் வருகிறது. பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ஹமானோ பெயர் பதிந்துவிட்டான். டாக்டர் வீட்டாரைப் பற்றிக் கேட்பாராம். அதனால்தான் கேட்கிறேன். அம்மாவின் கண்ணை அந்த டாக்டர் பார்த்துவிட்டு என்ன சொன்னார்?

தம்பி
கட்சுமி


யாவதஹாமா
ஜூலை 15

கட்சுமி,

எல்லோரும் சுகம். உன் கடிதம் நேற்று மாலை வந்தது.

அம்மாவை எந்த டாக்டரும் பார்த்து எதுவும் சொல்லவில்லை. நான் எழுதியதை நீ தப்பாக எடுத்துக்கொண்டாய்.

மருத்துவமனைக்குப் போகாதே. உன்னைப் போன்றவன் உள்ளே நுழைந்தால் விளையாட்டுப் பத்திரிகைக்காரன் பின்னாலேயே நுழைவான். மறுநாள் கொட்டை எழுத்தில் போடுவான். அதை மத்சுயாமாவில் மருந்துக்கடைக்காரர் காலைச் சாப்பாட்டோடு படிப்பார். கண் என்பது ஒருவனோடு நிற்கிற விஷயமா? அப்பனுக்கா அம்மாவுக்கா, அண்ணன் மகளுக்கும் உண்டா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

நவம்பர் முதல் வாரத்தில் நிச்சயம் வைத்திருக்கிறோம். அதுவரை முதுகுவலி என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போ. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை. இது ஒன்றுதான் கேட்கிறேன்.

இனி இதைப் பற்றிக் கடிதத்தில் எழுதாதே. மிச்சியோதான் வாசிக்கிறாள்.

சதாமு


ஓசாகா
ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

மூதாதையர் திருநாளுக்கு வர முடியவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் பங்குக்கு ஊதுவத்தி ஏற்றியிருப்பீர்கள். எல்லோரும் நலமா? பதில் எழுத நாளாகிவிட்டது. மன்னியுங்கள்.

நான் போகவில்லை.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஜூலைக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒன்றும் கேட்கமாட்டேன்.

பெஞ்சில் உட்காரும் யோசனை நடக்கவில்லை. மூன்றாம் தளத்தில் நிற்பவனுக்கு விரல் உடைந்துவிட்டது. மேனேஜர் என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார். முதுகு வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "முப்பத்தினாலு வயசுல முதுகு வலிக்கலேன்னாத்தான் டாக்டரைப் பார்க்கணும்" என்றார். அந்த இடத்தில் பந்து இன்னும் பக்கத்திலிருந்து, இன்னும் வேகமாக வரும். ஆனால் பக்கத்தில் ஹமானோ இருக்கிறான். பேட்டின் சத்தத்தையும் இப்போது கவனிக்கக் கற்றுக்கொண்டேன். வறண்ட சத்தம் வந்தால் எனக்கு நேராக. சற்று ஈரமாக வந்தால் மெதுவாக உருளும். பதினெட்டு வயதில் இரண்டாம் அணியில் மைதானம் கூட்டிய காலத்திலேயே இதைக் கற்றிருந்தால் நான் பெரிய ஆட்டக்காரனாகியிருப்பேன்.

"அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு ஆடற முதல் ஆளு நீங்கதான். இதுக்கும் ஒரு விருது கொடுப்பாங்க" என்கிறான் ஹமானோ. மற்ற நேரத்தில் சிரிக்கமாட்டேன் என்கிறான்.

மிச்சியோவிடம் சொல்லுங்கள், நிச்சயத்துக்குச் சித்தப்பா கட்டாயம் வருவேன். நவம்பரில் ஆட்டம் இருக்காது.

தம்பி
கட்சுமி


யாவதஹாமா
செப்டம்பர் 15

தம்பி கட்சுமிக்கு,

பகலில்தான் வெயில் மிச்சம். காலையில் குளிர்காற்று வருகிறது. எல்லோரும் சுகம். உனக்குப் பொரித்த மீன் பலகாரம் தனியாக அனுப்பியிருக்கிறேன். அம்மா கையின் ருசி இருக்காது, இருந்தாலும் நம் ஊர் மீன்.

போன சனிக்கிழமை ஆட்டம் பார்த்தேன். மூன்றாம் தளத்தில் பாய்ந்து விழுந்து ஒரு பந்தைப் பிடித்தாயே, வர்ணனையாளன் வாயடைத்துப்போனான். என் சக ஆசிரியர்கள் திங்கட்கிழமை என்னிடம் வந்து பேசினார்கள். இந்த இருபது வருஷத்தில் அவர்கள் தாங்களாக வந்து பேசியது அபூர்வம். பார்த்தாயா, எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. நாம் வீணாக மனதைக் குழப்பிக்கொண்டோம்.

விசாரிக்க வந்த ஆள் அக்கம்பக்கத்தில் பேசிவிட்டுப் போய்விட்டான். குறை ஒன்றும் கிடைக்கவில்லை என்று திருமதி நினோமியா சொல்லியனுப்பினாள். நிச்சயத்துக்காக எனக்கு ஒரு கறுப்பு சூட் தைத்தாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் முதல்வர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவன் போல இருக்கிறேன். தராத பதவிக்குத் தைத்த உடுப்பு.

இடது முழங்காலில் தையல் போட்டிருக்கிறது, கவலைப்படாதே. ஆரஞ்சுத் தோட்டத்துப் பாதையில் வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டேன். இருட்டக்கூட இல்லை. தெருவிளக்கு அணைந்து இரண்டு மாதமாகிறது. நகராட்சிக்கு மூன்று மனு கொடுத்துவிட்டேன். ஒரு நாய் விழுந்திருந்தால் உடனே மாற்றியிருப்பார்கள். மிச்சியோதான் வந்து தூக்கினாள். இப்போதெல்லாம் கடைக்குப் போனாலும் கூடவே வருகிறாள். கல்யாணம் நெருங்க நெருங்கப் பெண்களுக்கு அப்பன்மேல் பாசம் கூடுகிறது போலும்.

நவம்பர் வரை கவனமாக ஆடு.

அண்ணன்
சதாமு


ஓசாகா
அக்டோபர் 6

மதிப்பிற்குரிய சதாமு ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் பெயர் ஹமானோ. கட்சுமி அண்ணனோடு ஆடுகிறவன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. அவர் கட்டிலில் இருந்தபடி சொல்லச்சொல்ல எழுதுகிறேன். நடுவில் என் வார்த்தையும் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தியைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். வியாழக்கிழமை ஆட்டத்தில் பந்து அண்ணன் முகத்தில் பட்டது. இடது கண்ணுக்குக் கீழே எலும்பு உடைந்திருக்கிறது. விளக்கு போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நான் "நேரே" என்று கத்தினேன். கூட்டம் அதிகம். அவருக்குக் கேட்கவில்லை.

இனி அவர் சொல்வது:

"அண்ணா, கவலைப்பட வேண்டாம். வலி குறைந்துவிட்டது. நீங்கள் ஊரிலிருந்து கிளம்பி வர வேண்டியதில்லை. டாக்டர் இரண்டு கண்ணையும் பார்த்தார். அடிபடாத கண்தான் அவரை அதிகம் கவலைப்படுத்தியது. இது ஓரங்களிலிருந்து உள்ளே வரும் நோயாம். முதலில் இருட்டு, அப்புறம் பக்கங்கள், கடைசியில் நடு. மருந்து இல்லையாம். இனி ஆடக் கூடாது என்கிறார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். விளக்கு கண்ணில் கூசியது என்று மட்டும் சொன்னேன். அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். டாக்டரும் வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். நிச்சயம் நல்லபடியாக நடக்கும்.

"இது அம்மா வழியாக வருவது என்றார். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் உடனே வந்து காட்டச் சொன்னார். எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்."

இத்தோடு அவர் சொன்னது முடிந்தது. என் பங்குக்கு ஒன்று. அலுவலகத்திலிருந்து நேற்று ஆள் வந்தார். கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள் சூட் போட்டுக்கொண்டு வந்து பார்க்கச் சொன்னார். எங்கள் தொழிலில் ஒருவனை அக்டோபரில் சூட் போட்டு வரச் சொன்னால் அதற்குப் பிறகு அவன் சட்டையில் எண் இருக்காது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "என்கிட்ட சூட்டே இல்லடா. உன்னோடது எனக்குப் பத்துமா?" என்று கேட்டார். நான் அவரைவிட ஒரு தலை உயரம்.

பணிவுடன்
ஹமானோ


யாவதஹாமா
அக்டோபர் 25

தம்பி கட்சுமிக்கு,

ஆரஞ்சு மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. நோபுகோ சுகம். மிச்சியோ சுகம். என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். உன் முகத்தில் வீக்கம் வடிந்ததா? சாப்பிட முடிகிறதா?

ஹமானோவின் கடிதம் வந்து இத்தனை நாளும் நான் பதில் எழுதாததற்குப் பள்ளி வேலை காரணம் என்று ஒரு வரி எழுதி, கிழித்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தையும் மிச்சியோதான் வாசித்தாள், சாப்பாட்டுக்குப் பிறகு. உடன்பிறந்தவர் யாரும் இல்லை என்ற இடத்தில் நிறுத்தினாள். பிறகு கடைசி வரை வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்தாள். நான் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன்.

"அப்பா, ஜூலையில சித்தப்பா எழுதினதையும் நான்தானே படிச்சேன். மறந்துட்டீங்களா?" என்றாள்.

காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி உறைக்குள் போட்டேன்.

"வாய்க்கால்ல விழுந்தீங்களே, அன்னிக்கு அந்தத் தெருவிளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. உங்களுக்கு என்ன இருக்கோ அது எனக்கும் இருக்கலாம். அதை அந்த வீட்டுல போய் ஒளிச்சு வச்சுக்கிட்டு, சாயந்தரம் ஆனா கடைய சாத்திட்டு உள்ள உட்கார என்னால முடியாது."

போகாதே என்று சொன்னேன். அவள் அம்மாவும் சொன்னாள். மறுநாள் திருமதி நினோமியா வீட்டுக்குத் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். நான்கு நாளில் மத்சுயாமாவிலிருந்து பதில் வந்தது. இந்த ஆண்டு இரு வீட்டாருக்கும் உகந்ததாக இல்லையாம். அழகான கையெழுத்து. மருந்து விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு நோய் என்றால் அவ்வளவு பயம். அந்தக் குடும்பத்தை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். மிச்சியோ அழுதாள். இரண்டு நாள் கழித்து எழுந்து தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நம் பழைய பெட்டியிலிருந்து உன் பள்ளிக்கூடத்துப் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சியோவைக் கடல் சுவருக்குக் கூட்டிப்போனேன். படகுகள் வந்துகொண்டிருந்தன. துறைமுகத்தில் வெயில் இன்னும் இருந்தது, வானம் வெளுத்திருந்தது. அவளைத் தள்ளி நிற்கவைத்து, பந்தை உயரமாக எறியச் சொன்னேன். அவள் கையிலிருந்து அது கிளம்புவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கல்லில் விழுந்த சத்தம்தான் கேட்டது. மறுபடி எறியச் சொன்னேன். மறுபடியும் பின்னால். "போதும்ப்பா" என்று அவள் சொல்லும்வரை எறியவைத்தேன்.

இவாஸாகி அன்றைக்கு என்னை வெளியே கூப்பிட்டபோது, "எங்கே பாத்துக்கிட்டிருந்தே?" என்று கேட்டார். மேலேதான் என்றேன். அது உண்மை. மில்காரர் வாங்கிக்கொடுத்த சட்டைகளை இத்தனை வருஷமாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இவாஸாகி பந்தைப் பார்க்காத ஒருவனை நிறுத்திவிட்டுப் பார்க்கிற ஒருவனை வைத்தார், அவ்வளவுதான். நாற்பத்தைந்து வயதில், கோபித்துக்கொள்ள ஆள் இல்லாமல் நிற்கிறேன். அது எவ்வளவு பெரிய வெற்றிடம் என்று உனக்குத் தெரியாது. அம்மாவைக் கோபித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது மிச்சியோவின் சட்டைக் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ விழுந்துவிடக் கூடாதென்று அம்மா பிடித்ததாக நீ எழுதியிருந்தாய். அந்த யோசனையையும் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை முதல் ரயிலில் கிளம்புகிறேன். தகமத்சுவில் கப்பல் ஏறி, அந்தப் பக்கம் வேக ரயிலைப் பிடித்தால் மூன்று மணிக்குள் ஓசாகா வந்துவிடலாம் என்று மிச்சியோ அட்டவணை பார்த்துச் சொன்னாள். அவளும் வருகிறாள். இருட்டுவதற்கு முன் மருத்துவமனைக்கு வந்துவிடுவோம். ஹமானோவை வாசலில் நிற்கச் சொல். உள்ளே வராந்தாக்கள் எப்படியிருக்குமோ.

அந்தக் கறுப்பு சூட்டை எடுத்து வருகிறேன். ஒருமுறைகூட உடுத்தவில்லை. கை உனக்குச் சற்று நீளமாக இருக்கும். நோபுகோ மடித்துத் தைத்திருக்கிறாள். அலுவலகத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போ. கூட நானும் வருகிறேன், பகல் நேரமாக இருந்தால்.

டாக்டரிடம் நீ சொன்னதை நாங்கள் வருவதற்குள் திருத்திவிடு. ஓர் அண்ணன் இருக்கிறான் என்று சொல்.

சதாமு